என் கணவரின் கருமாதிக்குத் திருவொற்றியூர் போனேன்

கணவர் சந்நியாசம் வாங்க வேண்டுமென்றால் மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பினாங்கில் எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. திருவொற்றியூர் மடத்திலிருந்து என் கணவர் சதாசிவம் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது. "நேரில் வந்து போட வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் கடற்கரையில் எனக்கு நானே சிராத்தம் செய்துகொள்ளப் போகிறேன். அதற்கு முன்னால் வந்துவிடு. வரும்போது என் மூட்டுவலித் தைலம் இரண்டு பாட்டில் எடுத்து வா" என்றார். உடம்பே பொய் என்று கண்டுபிடித்தவருக்கு மூட்டு மட்டும் இன்னும் மெய்யாக இருந்தது.

அவருக்கு அறுபத்தாறு வயது. தண்டையார்பேட்டையில் பிறந்து, மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, செம்பனை எண்ணெய் ஆலைகளில் முப்பது வருஷம் பாய்லர் பரிசோதித்தவர். நான் பினாங்கிலேயே பிறந்து தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அவர் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போடுவதா, இழுத்துக்கொண்டு போவதா என்று முடிவு செய்யாமலேயே விமானம் ஏறினேன்.

புதன்கிழமை காலையில் இறங்கினேன். வாடகைக் கார்க்காரர் பாதி வழி வரை நன்றாகத்தான் வந்தார். கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவையாம். முதல் லாரியும் தெரியவில்லை, கடைசி லாரியும் தெரியவில்லை. ஓட்டுநர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார்கள். பினாங்குப் பாலத்தில் பத்து நிமிஷம் நின்றாலே நாங்கள் அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே மனிதர்கள் நெரிசலில் குடும்பமே நடத்துகிறார்கள். கார்க்காரர் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

பெட்டியின் ஒரு சக்கரம் நடைபாதைப் பள்ளத்தில் போய்விட்டது. மூன்று சக்கரத்தோடு நான் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் எட்டியப்பன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆட்டோவை என் பக்கத்தில் நிறுத்தி, "இன்னா யக்கா, பொட்டியோட சண்ட போட்டுக்கினு கீற? குந்து" என்றார். லாரிகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஆட்டோவை நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மடத்து வாசலில் இருந்தேன். பெயரையும் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்.

மடம் கடலைப் பார்த்து மூன்று மாடி. அறைகளில் ஏசி. ஒரு காலத்தில் இங்கே கோவணத்தோடு திரிந்த ஒரு துறவியின் சமாதி கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெருமையில் பங்கு கேட்டுத்தான் மடத்தை இங்கே கட்டியிருக்கிறார்கள். வாசலில் நான்கு தூண்கள், தூணுக்கு ஒரு சொல்: அறம், பொருள், இன்பம், வீடு. வெளிநாட்டில் சம்பாதித்து ஓய்வு பெற்ற தமிழர்கள் இங்கே வந்து மூன்று மாதம் தங்கிப் படித்தால் நான்காவது கிடைக்குமாம்.

என் கணவர் வெள்ளை வேட்டியில் இளைத்துப்போய் வந்தார். இளைத்தது அவருக்கு அழகாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. தைலத்தை வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தைக் காட்டினார். மடத்தில் எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவம், நான்கு கட்டம். வாழ்நாளெல்லாம் பாய்லருக்குப் படிவம் நிரப்பியவருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்திருக்காது. பொருள் என்ற கட்டத்தில் 'நிறைவு' என்று எழுதியிருந்தார். இன்பத்துக்கும் 'நிறைவு'. ஞாயிற்றுக்கிழமை மீன்தலைக் கறி வைக்காவிட்டால் மத்தியானம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் எழுதியது இது. அறத்தைப் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார்: தாய் தந்தையரைக் காத்தல், நிறைவு. மகள் கல்யாணம், நிறைவு. கோயில் திருப்பணி, நிறைவு. உடன்பிறந்தார் கடமை, நிறைவு.

"உடன்பிறந்தாரா? மல்லிகாவுக்கு என்ன கடமை செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய கதை. அந்தப் பந்தமெல்லாம் எப்போதோ அறுந்துவிட்டது" என்றார்.

அறுந்ததல்ல, அவர் அறுத்தது. மல்லிகா அவருடைய ஒரே தங்கை. வியாசர்பாடியில் இருந்த ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பெரம்பூரில் ரயில்பெட்டி செய்கிற இடத்தில் வேலை அவருக்கு. நல்ல மனிதர், நல்ல சம்பளம். சாதி மட்டும் என் கணவருக்குப் போதவில்லை. பேச்சை நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மாமியார் இறந்தபோது நாங்கள் பினாங்கிலிருந்து வந்தோம். மல்லிகா புடவை முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு, அம்மாவுக்கு வாய்க்கரிசி போட வந்தாள். இவர் வாசலில் கையை நீட்டி மறித்தார். அவள் ஒரு மணி நேரம் தெருவிலேயே நின்றாள். சவம் அவளைத் தாண்டிப் போனது. நான் உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் படிவத்தில் எனக்கென்று ஒரு கட்டம் இருந்தால் அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை அவரே எழுதி வைத்திருந்தார். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மடத்துச் சாப்பாடு எனக்கு ஒத்துவரவில்லை. உப்பில்லாத பூசணிக்காயை மனப்பக்குவத்துக்கு என்று கொடுக்கிறார்கள். எனக்கு வந்தது கோபம்தான். எட்டியப்பனைக் கூப்பிட்டு, "எங்கேயாவது மனிதர்கள் சாப்பிடுகிறதாக வாங்கிக் கொடுங்கள்" என்றேன். ராயபுரம் பக்கம் அழைத்துப் போனார்.

வழியில் என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "வூட்டுக்காரரு வரலியா யக்கா? தனியாவா வந்துகீற?"

"அவருக்குத்தான் சனிக்கிழமை காலை மடத்துக்கு எதிரே கடற்கரையில் கருமாதி. அதற்குத்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

ஆட்டோ ஓரமாக நின்றது. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். "அடக் கடவுளே" என்றார். அதன் பிறகு ஹார்ன் அடிக்காமல் ஓட்டினார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு இருந்த கோபத்தில், என் கணவர் செத்துப்போனார் என்று யாரோ ஒருவர் நம்புவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் அவரைப் பாராட்டுவார்கள். செத்தால்தான் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

தள்ளுவண்டிக் கடையில் அத்தோ வாங்கிக் கொடுத்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் மீ கோரெங் நூடுல்ஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். கணவனை இழந்தவள் இப்படிச் சாப்பிடுவாளா என்று எட்டியப்பன் யோசிக்கவே இல்லை. "துன்னு யக்கா. துக்கத்துல வயிறு காயக்கூடாது" என்று இன்னொரு சூப் வாங்கி வந்தார்.

"அண்ணன் எந்த ஏரியா?"

"தண்டையார்பேட்டை."

"நம்ம பேட்டைதான்! கூடப் பொறந்தவங்க யாருனா கீறாங்களா?"

"ஒரு தங்கை. மல்லிகா. வியாசர்பாடியில் எங்கேயோ இருக்கிறாள். அவள் கணவருக்கு ரயில்பெட்டி செய்கிற இடத்தில் வேலை. பார்த்து இருபத்திரண்டு வருஷமாகிறது."

"அண்ணன் போட்டோ ஒண்ணு அனுப்பு யக்கா" என்றார். துக்கம் கேட்கிற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பிவைத்தேன். மகள் கல்யாண வரவேற்பில் எடுத்தது, செம்பருத்திப்பூப் போட்ட இளஞ்சிவப்பு பாத்திக் சட்டையில் பல் தெரியச் சிரிக்கிற படம். கைபேசியில் உடனே கிடைத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை மடத்தில் சொற்பொழிவு. மணலி ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் அழுகிய முட்டை வாசனை வரும். ஜன்னலை எல்லாம் அடைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். இரண்டும் கலந்து இன்னும் மோசமாகிவிட்டது. தலைமைச் சுவாமி நான்கு படிகளைப் பற்றிப் பேசினார். அறம் அடிப்படி, அதில் கால் வைத்தவன்தான் மேலே போக முடியும் என்றார். என் கணவர் தலையாட்டினார். எனக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் போனில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூன்றாவதை நான் ஐம்பத்தைந்திலேயே முடித்துவிட்டேன். இரண்டாவதுதான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. வீட்டை விற்றால் முடிந்துவிடும்."

நான்கு குறிக்கோள்கள் பற்றி எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பள்ளியில் வருஷா வருஷம் நானே சொல்லிக் கொடுத்ததுதான். அறத்தோடு பொருள் சேர்த்து, அறத்தோடு இன்பம் துய்த்து, பிறகு விடுதலை. எவ்வளவு நிதானமான யோசனை! யாரோ உட்கார்ந்து ஆழமாக யோசித்துச் சொன்னதைத்தான் இவர்கள் பாஸ்போர்ட் போலப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். மறித்து நீட்டிய அந்தக் கையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

சொற்பொழிவு முடிந்ததும் அவரிடம் போய் உட்கார்ந்தேன். "வீட்டுக்கு வந்துவிடுங்கள். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை" என்று சொன்னேன். அவ்வளவு நேரடியாக நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவர் கருணையோடு பார்த்தார். "இதுதான் பற்று. இதைத்தான் நீயும் விட வேண்டும்" என்றார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பேனாவை எடுத்துக் கைப்பையில் கடிதத்தோடு வைத்தேன். தொலையட்டும், போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை காலையில் மடத்தை விட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர் மின்கம்பத்தில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆளுயர பிளெக்ஸ். அதே பாத்திக் சட்டை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பறக்கிற புறா. 'கண்ணீர் அஞ்சலி. தண்டையார்பேட்டை மண்ணின் மைந்தர், பினாங்கு சதாசிவம் அவர்கள். வயது 68. இறுதிச் சடங்கு: சனிக்கிழமை காலை, திருவொற்றியூர் கடற்கரை.' கீழே: 'துயரத்தில் வாடும் மனைவி, மகள், தங்கை மல்லிகா (வியாசர்பாடி) மற்றும் ஆட்டோ நிறுத்த நண்பர்கள்.' பக்கத்தில் எட்டியப்பன் மாலையோடு நின்றார். கூடவே மேளக்காரர்கள் நாலு பேர்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கத்தினேன்.

"இன்னா யக்கா இப்டி கேட்டுட்ட? நம்ம பேட்டைல பொறந்தவரு. போஸ்டர் இல்லாம அனாதையாட்டம் அனுப்பிடுவமா? வியாசர்பாடில நாலு, தண்டார்பேட்டைல மூணு கட்டிகீறோம். தங்கச்சிக்குத் தெரியணும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.

கடற்கரையில் பாறைகளுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மணல் இருந்தது. அதில் மடத்து ஆட்கள் பாய் விரித்திருந்தார்கள். மொட்டையடித்துக்கொண்டு, நடுவில் நாலு மயிர் மட்டும் விட்டு, என் கணவர் தனக்குத் தானே பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மாலையோடு வந்த எட்டியப்பன் அவரைப் பார்த்தார், கையிலிருந்த கைபேசிப் படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"யக்கா, ஆளு கீறாரே!"

நான் நடந்ததைச் சொன்னேன். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டியப்பனின் கைபேசியை வாங்கிப் பிளெக்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் துறப்பதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை: "அறுபத்தெட்டா? எனக்கு அறுபத்தாறுதானே ஆகிறது! அதுவும் இந்தச் சட்டையா கிடைத்தது?"

அப்போதுதான் சாலையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே ஓடிவந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. காலில் செருப்பில்லை. "அண்ணா, அண்ணா" என்று அலறிக்கொண்டு வந்தாள். புடவை முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்தும் மல்லிகாவை அந்த முடிச்சை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அண்ணி, பூட்டாரா? காலீல பால் வாங்கப் போனேன், கம்பத்துல பாத்தேன். பொணம் எங்க அண்ணி?" என்றாள். கையைக் காட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றது.

"உயிரோடதான் கீறியா?"

என் கணவர் எழுந்து நின்றார். கையில் எள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவாமியை ஒருமுறை பார்த்தார். பிறகு, மடத்தில் கற்றுக் கொடுத்ததைச் சொன்னார். "மல்லிகா, எனக்கு இனிமேல் சொந்தம் என்று யாரும் கிடையாது. நான் எல்லாரையும் விட்டுவிட்டேன்."

"நீ இன்னிக்கா வுட்ட?" என்றாள் அவள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "அம்மாவுக்குத்தான் போட வுடல. உனுக்காவது வாய்க்கரிசி போடலாம்னு எடுத்தாந்தேன். இந்தா, புடி." அவர் கையை நீட்டினார். பழக்கத்தில் நீட்டினாரோ, என்ன நினைத்து நீட்டினாரோ தெரியாது. வாசலில் மறித்த அதே கை. அதில் அரிசியைக் கொட்டினாள். "ஆக்கித் துன்னு" என்றாள்.

சுவாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நேரம் போகிறது. சம்மதக் கடிதம்?" என்றார். நான் கைப்பையைத் திறந்து கடிதத்தையும் பேனாவையும் எடுத்தேன். என் பெயர் இருந்த இடத்தை அடித்தேன். அதற்கு மேல் 'மல்லிகா' என்று எழுதினேன். என் கணவரிடம் நீட்டினேன். அவர் கையில் அரிசி இருந்ததால் வாங்க முடியவில்லை. பாயில் வைத்து, பறக்காமலிருக்க, அவர் அங்கேயும் கொண்டுவந்திருந்த தைலப் பாட்டிலை மேலே வைத்தேன்.

"நான் சம்மதித்து என்ன ஆகப் போகிறது? வியாசர்பாடிக்குப் போய் அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் போட்டுக் கொடுத்தால் நீங்கள் தாராளமாக மோட்சம் போகலாம்" என்றேன். பிறகு மல்லிகாவிடம் திரும்பினேன். அன்றைக்கு உள்ளே நின்றவள் நான்தான், மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

எட்டியப்பன்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். "பேஜாராப் பூச்சு யக்கா. எல்லா போஸ்டரையும் அவுத்துடறேன்."

"இரண்டு நாள் இருக்கட்டும்" என்றேன்.

வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் மல்லிகாவின் வீடு. சுவரில் புத்தர் படம், பக்கத்தில் மாமியாரின் பழைய புகைப்படம். மாலை போட்டு, அன்றைக்குப் பறித்த பூ வைத்திருந்தாள். அவள் கணவர் என்னை வணங்கிவிட்டுக் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார். நாங்கள் இருவரும் வெங்காயம் உரித்தோம். அதனால் அழுதாலும் கேள்வி கேட்க ஆளில்லை.

குழம்பு கொதிக்கும்போது என் கைபேசி அடித்தது. அவர்தான். பின்னால் லாரி ஹார்ன் சத்தம் கேட்டது.

"வியாசர்பாடிக்கு எப்படி வர வேண்டும்?" என்று கேட்டார்.

மூன்று மாதம் மோட்சத்துக்கு வழி படித்தவர். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு மல்லிகாவிடம் சொன்னேன். அவள் கரண்டியை வைக்காமலேயே சொன்னாள்: "இங்கியே பொறந்து வளந்தவருதான? கேட்டுக்கினு வரட்டும்." பிறகு அரிசிப் பானையைத் திறந்து இன்னொரு ஆழாக்கு அளந்து போட்டாள். "சாமியாரு மீனு துன்னுமான்னு கேளு அண்ணி."

கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு மெதுவாக, தலைத்துண்டு இருக்கிறதா என்று கேட்டார்.